பதினொரு பேர் சம்மதம்

கடலுக்கும் ஊருக்கும் நடுவில் எங்கள் கூட்டு உப்பளம் இருக்கிற வெள்ளமடையில், ஐப்பசி மாதத்து மூன்றாவது திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, உப்பு வாருகிற பெண்கள் பதினொரு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு முடிவெடுத்தோம், எடுத்த முடிவுக்குப் பதினொரு பேரும் வாய்திறந்து சம்மதம் சொன்னோம், சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தபோது ஒருத்தியாலும் எழுந்திருக்க முடியவில்லை. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை, இடுப்புக்கு மேலே எல்லாம் எப்போதும்போல ஆடி அசைந்தது, கால் விரல்களைக்கூட மடக்கி நீட்ட முடிந்தது. தரை மட்டும் விடவில்லை. ஜெபராணிதான் எங்களில் சின்னவள், ஆறு மாதக் கைக்குழந்தைக்காரி, அவள் இரண்டு தடவை கையூன்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நம்ம சத்தியம்தான்" என்றாள், நாங்களும் ஆமாம் என்றோம்.

சத்தியம் என்னவென்று சொல்ல வேண்டும். எங்கள் குழுவுக்கு ஆறு வருஷமாக ரெத்தினக்கனி மதினிதான் தலைவி. நல்ல மனுஷிதான், ஆனால் தலைவி என்றால் சந்தேகம் வரும், எங்களுக்கும் வந்தது, லாரி பிந்தினாலும் மதினி, பாத்தியில் உப்பு கறுத்தாலும் மதினி என்று ஆகிப்போய், ஒருநாள் மதினி வாருபலகையைக் கீழே போட்டுவிட்டு இனிமேல் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். அப்போது நகரத்திலிருந்து துணிப்பை மாட்டிய ஒரு பயிற்சியாளர் அம்மா வந்து இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். தலைவியே வேண்டாம், வட்டமாக உட்காருங்கள், வட்டத்துக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை, ஒரு பொருளைக் கைமாற்றுங்கள், அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசட்டும், எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. நாங்கள் ஒரு உப்புக்கட்டியைக் கைமாற்றினோம். எனக்கு அப்போதே ஒன்று உறுத்தியது. தலைவி இருந்தால் ஒருத்தியைச் சந்தேகப்பட்டால் போதும், வட்டமாக உட்கார்ந்தால் பத்துப் பேரைச் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். என் பெயர் பட்டுக்கனி. பூட்டிய கதவைப் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன், கோயிலில் கொடுக்கும் சர்க்கரைப்பொங்கல் நேற்றைய மிச்சமா என்று முகர்ந்து பார்ப்பேன். அதனால் பயிற்சியின் கடைசி நாள் உச்சிமாகாளி அக்கா எழுந்து, "எல்லாருக்கும் மனசார சம்மதம் வராம ஒருத்தியும் எந்திரிக்கக் கூடாது, உப்பத் தொட்டு சத்தியம் பண்ணுங்க" என்றபோது முதலில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டவள் நான்தான். எங்கள் பக்கத்தில் சாமி மேல் சத்தியம் செய்வோம், கண் மேல் செய்வோம், பிள்ளை தலையில் அடித்துக்கூடச் செய்வோம், உப்பின் மேல் செய்ய மாட்டோம், ஏனென்றால் சாமிக்கு ஊரெல்லாம் வேலை இருக்கிறது, உப்பு காலை முதல் மாலை வரை எங்களோடுதான் இருக்கிறது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் பயிற்சியாளர் அம்மா சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார், டீ வேறு ஆறிக்கொண்டிருந்தது, சத்தியம் செய்துவிட்டோம்.

இனி அந்தத் திங்கட்கிழமை எடுத்த முடிவு, சத்தியத்துக்குப் பிறகு நாங்கள் வட்டமாக உட்கார்ந்து எடுத்த முதல் முடிவு அதுதான். புரட்டாசியில் ஒருநாள் விடிந்து போய்ப் பார்த்தால், ஓடைக்கரை உடைந்து நல்ல தண்ணீர் உள்ளே புகுந்து, வாருவதற்குத் தயாராக இருந்த நாலு பாத்தி உப்பு கரைந்துபோயிருந்தது. கரை தானாக உடைந்தது என்று யாரும் நம்பவில்லை. பக்கத்து அளத்து முதலாளிக்கு எங்கள் குத்தகை மேல் ரொம்ப நாளாகக் கண், அந்த முதலாளியிடம் லாரி ஓட்டுகிறவன் ஞானப்பூவின் புருஷன், ஞானப்பூ எங்கள் பதினொரு பேரில் ஒருத்தி. இது போதாதென்று, முந்தின நாள் சாயங்காலம் ஞானப்பூ மண்வெட்டியோடு ஓடைக்கரைப் பக்கமிருந்து வந்ததை ஒருத்தி பார்த்திருந்தாள். பார்த்து எல்லாரிடமும் சொன்னவள் நான்தான். ஆகவே திங்கட்கிழமை கேள்வி ஒன்றே ஒன்று, ஞானப்பூவைக் குழுவிலிருந்து விலக்குவதா வேண்டாமா. விலக்கினால் அவளுக்கு அளத்தில் கால்வைக்க இடமில்லை, வேறு அளத்தில் எங்கள் பேச்சைக் கேட்டபின் யாரும் சேர்க்கவும் மாட்டார்கள்.

உப்புக்கட்டி கைமாறி வந்தது. உச்சிமாகாளி அக்கா சம்மதம் என்றாள், ரெத்தினக்கனி மதினி சம்மதம் என்றாள், ஜெபராணி தலையைக் குனிந்துகொண்டு சம்மதம் என்றாள், நானும் சொன்னேன். கடைசியாகக் கட்டி ஞானப்பூ கைக்குப் போனது. அவள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பத்துப் பேரு போன்னு சொன்ன பெறவு எனக்கு இங்க என்ன சோலி. போறேன். எனக்கும் சம்மதம்" என்றாள். பிறகுதான் எழப் பார்த்தோம்.

பதினொரு பேரும் சம்மதம் சொல்லியும் தரை விடவில்லை என்றால், யாரோ ஒருத்தி பொய் சொல்லியிருக்கிறாள். இது எங்களுக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது நாள் நாங்கள் செய்த வேலை எல்லாம் அந்த ஒருத்தியைத் தேடியதுதான்.

ஊருக்குச் சேதி போனதும் புருஷன்மார் வந்தார்கள். உச்சிமாகாளி அக்கா வீட்டுக்காரர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தார், பிறகு மண்ணோடு சேர்த்துப் பெயர்த்துவிடலாம் என்று சுற்றித் தோண்டினார், தோண்டத் தோண்ட அக்கா குழிக்குள் இறங்கினாளே தவிர மேலே வரவில்லை, ஒரு சாண் இறங்கியதும் அவள் போட்ட சத்தத்தில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதனால் ஒன்பது நாளும் அக்கா எங்களைவிட ஒரு சாண் தாழ்ந்துதான் இருந்தாள், வட்டத்தில் உயர்த்தி தாழ்த்தி கிடையாது என்று படித்த எங்களுக்கு அது ஒரு குறைதான். மறுநாள் பந்தல்காரர் வந்து ஓலைப்பந்தல் போட்டார். ஜெபராணியின் மாமியார் மூன்று வேளையும் குழந்தையைத் தூக்கி வந்து பால் கொடுக்க வைத்துவிட்டுத் தூக்கிப்போனாள். ரேஷன் கடைக்காரர் பதினொரு குடும்பத்துக்குக் கைரேகை வேண்டுமென்று மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து வட்டத்தைச் சுற்றி வந்தார், உப்புப் பட்ட கையில் ரேகை விழாததால் இரண்டு சுற்று வந்தார். டீக்கடை அடுப்பு பந்தலுக்குப் பக்கத்தில் இடம்பெயர்ந்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்து, நாங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் புறம்போக்கு, எழுந்திருக்காமல் இருப்பது ஆக்கிரமிப்பில் சேருமா என்று மேலே கேட்டு எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வயிற்றின் மற்ற அவசரங்களைப் பற்றி ஊரில் யாரும் கேட்கவில்லை, எங்களைச் சுற்றிச் சேலை கட்டி மறைத்தார்கள் என்பதோடு நானும் நிறுத்திக்கொள்கிறேன். பயிற்சியாளர் அம்மாவுக்குப் போன் போட்டோம். அவர் ரொம்பச் சந்தோஷப்பட்டு, இவ்வளவு ஈடுபாடுள்ள குழுவை இதுவரை பார்த்ததில்லை, இதை அறிக்கையாக எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

ஊர் ஆண்களுக்குத்தான் உள்ளூர நடுக்கம். அந்த மாதத்து ஊராட்சிக் கூட்டத்தை எல்லாரும் நின்றுகொண்டே நடத்தி, நின்றுகொண்டே தீர்மானம் போட்டு, கைதட்டிக் கலைந்து போனார்கள். யாருக்கும் உட்காரத் தைரியம் வரவில்லை.

நாங்கள் முதலில் சந்தேகப்பட்டது ஞானப்பூவைத்தான். போகிறேன் என்று வாய் சொல்லும், மனசு சொல்லுமா. உச்சிமாகாளி அக்கா கேட்டேவிட்டாள், "ஏட்டி, உள்ளதச் சொல்லு. உனக்குப் போக இஷ்டமில்ல, அதான?" ஞானப்பூ நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பாக்கற பார்வையில ஒரு நாளு இருந்து பாருங்க, இஷ்டம் தன்னால வரும்" என்றாள். அதில் பொய் இருப்பதாக எங்களால் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் சந்தேகம் ரெத்தினக்கனி மதினி மேல் திரும்பியது. வட்டம் தோற்றால் பழையபடி தலைவி ஆகலாம் இல்லையா. மதினி உப்புக்கட்டியை வாங்கி, "எனக்கு நீங்க பட்டம் கட்டி ஆளவிட்ட லச்சணம் போதும்மா" என்று சொல்லிவிட்டு அதற்குப் பிறகு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. ஐந்தாம் நாள் ஜெபராணி மேல் விழுந்தது, பிரசவ வலியோடு அவளைப் பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஞானப்பூதான், நன்றி இருக்கும் என்று பேசிக்கொண்டோம். ஜெபராணி அழுதாள், அழுகையையும் சந்தேகப்பட்டோம். உப்புக்கட்டி வேர்த்த கைகளில் கரைந்து கரைந்து சுண்டைக்காய் அளவாகி, புதுக்கட்டி கொண்டுவரச் சொன்னோம், அதைக் கொண்டுவந்தவர் யார் வீட்டு ஆள் என்று பார்த்தோம்.

இடையில் ஜெபராணி ஒரு குறுக்குவழியும் பார்த்தாள். "வெயில் சுடுதுன்னு எல்லாருக்கும் மனசார சம்மதந்தான?" என்றாள், பதினொரு பேரும் ஆமாம் என்று கையூன்றி எழப் பார்த்தோம். தரை அசையவில்லை. அதற்கு வேண்டியது எங்களைப் பற்றிய சம்மதம், வெயிலைப் பற்றியது அல்ல.

இதையெல்லாம் விட்டுவிட்டு எனக்கு வயிற்றெரிச்சல் வேறு ஒன்று. வருஷத்தின் கடைசி உப்பு வாரிக் கரையில் ஐந்து அம்பாரமாகக் குவித்து வைத்திருந்தோம், உட்கார்ந்த இடத்திலிருந்தே வெள்ளையாகத் தெரியும், ஒன்றின் மேலும் தார்ப்பாய் போடவில்லை. மழை எப்போது வேண்டுமானாலும் வரலாம். புருஷன்மாரை அளத்தில் இறக்கி மூடச் சொல்லலாம் என்று ஒருத்தி சொன்னாள். யார் புருஷனை என்று இன்னொருத்தி கேட்டாள். அத்தோடு அதுவும் போயிற்று, ஒவ்வொருத்திக்கும் தன் வீட்டு ஆள் இறங்கலாம், மற்ற பத்து வீட்டு ஆட்கள் இறங்கக் கூடாது.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பொய்ச் சம்மதம் சொன்ன அந்த ஒருத்தி நான்தான் என்று எனக்கு முதல் நாளே தெரியும். அன்று சாயங்காலம் ஞானப்பூ மண்வெட்டியோடு வந்ததைப் பார்த்தேன் அல்லவா, அந்த மண்வெட்டியையும் பார்த்தேன். என் சுபாவம் அப்படி, எதையும் உற்றுப் பார்க்காமல் விட மாட்டேன். மண்வெட்டி காய்ந்து கிடந்தது. தகட்டில் ஒரு துளி ஈரம் இல்லை, ஒரு பொட்டுச் சேறு இல்லை. ஓடைக்கரையை வெட்டினவள் மண்வெட்டி அப்படி இருக்காது. நான் முதல் பாதியைச் சொன்னேன், இரண்டாவது பாதியைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஒன்பது நாள் உட்கார்ந்து யோசித்தேன். எல்லாரும் என் வாயையே பார்த்துக் கேட்டார்கள், அது நன்றாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். இதை இவர்கள் முன்னால் சொல்வதைவிடத் தரையோடு தரையாக இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதனால் ஒவ்வொரு நாளும் மற்றவர்களைவிட அதிகமாக நான்தான் சத்தம் போட்டு அந்த ஒருத்தியைத் தேடினேன்.

ஒன்பதாம் நாள் மதியம் கிழக்கே கடல்மேல் கருத்துக்கொண்டு வந்தது. காற்று மாறி, ஈர வாடை அடித்தது. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை எடுத்து வைத்தார். ஐந்து அம்பாரத்தையும் பார்த்தேன், என் மகள் காலேஜுக்குப் போவது அதில்தான் இருக்கிறது, பதினொரு வீட்டுக்கும் ஏதோ ஒன்று அதில் இருக்கிறது. உப்புக்கட்டி அப்போது யார் கையில் இருந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை.

"நான்தான்" என்றேன். "எனக்குச் சம்மதமில்ல. மம்பட்டி காஞ்சு கெடந்துச்சு. அன்னைக்கே பாத்தேன். சொல்லாம விட்டுட்டேன்."

எல்லாரும் என் மேல் பாய்வார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் ஒரு சாண் கீழேயிருந்து உச்சிமாகாளி அக்கா, "நானும்தாம்ட்டி" என்றாள். கரை உடைந்த இடத்தில் மண்வெட்டி வெட்டிய தடம் எதையும் அவள் பார்க்கவில்லையாம், சத்தியம் பண்ணச் சொன்னவளே பின்வாங்கினால் நன்றாக இருக்காது என்று பேசாமல் இருந்தாளாம். ரெத்தினக்கனி மதினி, தான் எதிர்த்தால் பதவிக்காக எதிர்க்கிறாள் என்பீர்கள், அதனால் சம்மதம் சொன்னேன் என்றாள். ஜெபராணி, நன்றிக்காகப் பேசுகிறாள் என்பீர்கள் என்று பயந்தேன் என்றாள். அப்படியே சுற்றி வந்தது. பத்துப் பேருக்கும் சம்மதம் இல்லை. பத்துப் பேரும் தான் ஒருத்திதான் பொய் சொன்னவள் என்று நினைத்துக்கொண்டு, ஒன்பது நாள் மற்ற பத்துப் பேர் முகத்தில் அந்தப் பொய்யைத் தேடியிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகையும் வந்தது.

"அப்ப ஞானப்பூ நம்ம கூடவே இருக்கட்டும்" என்றாள் உச்சிமாகாளி அக்கா, மேகத்தைப் பார்த்துக்கொண்டே, அவசர அவசரமாக. "எல்லாருக்கும் சம்மதமா?" சம்மதம், சம்மதம் என்று ஒருத்தியை ஒருத்தி முந்திக்கொண்டு சொன்னோம், இந்தத் தடவை மனசாரத்தான் சொன்னோம், நான் என்னைச் சோதித்துப் பார்த்தேன், உள்ளே ஒரு ஓட்டை இல்லை. கையூன்றி எழப் பார்த்தோம்.

எழ முடியவில்லை.

முதல் துளி பந்தல் ஓலையில் விழுந்தது. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் ஞானப்பூவைத் திரும்பிப் பார்த்தோம். அவளை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

"எனக்குச் சம்மதமில்ல" என்றாள் ஞானப்பூ. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "போன்னு நீங்க சொன்னப்ப நான் போறேன்னு சொன்னேன், அதுதான் இங்க ஒம்பது நாளா இருந்த ஒரே நெசம். இப்ப இருன்னு சொல்லுதிய. நாளைக்கு ஒரு பாத்தி கறுத்தா மறுபடியும் என் மூஞ்சியத்தான் பாப்பிய."

"இல்லட்டி" என்றேன்.

"பட்டு, நீ மட்டும் பேசாத." அவள் வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள், ஒவ்வொருத்தி முகத்திலும் நின்று நின்று பார்த்தாள். "என்னைய மட்டுமில்ல. மதினிய நம்பல. ராணிய நம்பல, அவ அழுததையும் நம்பல. உப்பு கொண்டாந்த ஆள நம்பல. நானும் உங்கள்ல ஒருத்தியையும் நம்பல. இங்க யாரும் யாரையும் நம்பல. உண்டா இல்லையா?"

மழை இறங்கிவிட்டது. எனக்கு உள்ளே ஆமாம் என்று ஒன்று தலையாட்டியது, சுற்றிலும் பத்துத் தலைகள் கொஞ்சம் கொஞ்சமாக ஆடியதைப் பார்த்தேன். தரை விட்டுவிட்டது. குழந்தையை இடுப்பிலிருந்து இறக்குவது போல, அவ்வளவு சாதாரணமாக விட்டது. நாங்கள் சத்தியம் செய்த நாளிலிருந்து பதினொரு பேரும் மனசார ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான்.

ஒன்பது நாள் மடங்கிக் கிடந்த கால்களோடு விழுந்து எழுந்து ஓடினோம். எல்லாருக்கும் முன்னால் ஓடியவள் ஞானப்பூ, அவள் வாரிய உப்பும் அதில்தானே இருந்தது. தார்ப்பாயின் இந்த முனையை நான் பிடித்தேன், அந்த முனையை அவள் பிடித்தாள், காற்று பிடுங்கியது, இழு என்று அவள் கத்தினாள், இழுத்தேன். ஐந்தில் இரண்டு அம்பாரத்தைக் காப்பாற்றினோம். மற்ற மூன்றும் கண் முன்னாலேயே கரைந்து ஓடைக்குப் போயின.

கரையை உடைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. நண்டு வளையாக இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள், என் சந்தேகம் எனக்கு இருக்கிறது, ஆனால் இப்போதெல்லாம் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். உச்சிமாகாளி அக்கா ஏற்கனவே நின்றுகொண்டிருந்தாள். மதினி வந்தாள், ஜெபராணி குழந்தையோடு வந்தாள், பத்துப் பேரும் வந்துவிட்டோம், வந்து, ஊராட்சிக் கூட்டத்து ஆண்களைப் போலச் சும்மா நின்றோம். தரை மழையில் நனைந்து சாதாரணத் தரையாகத்தான் இருந்தது. ஒருத்திக்கும் உட்காரத் துணிவில்லை. தலைவி ஒருத்தியை வைத்துக்கொள்ளலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ஞானப்பூ கடைசியாக வந்தாள். எங்களை ஏறிட்டுப் பார்க்காமல் நடுவில் நடந்து போய், சேலையை ஒதுக்கிக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்தாள்.

"உக்காருங்க" என்றாள். "நான் இருக்கணுமா போணுமான்னு நீங்க பேசி முடிச்சிட்டிய. உங்க கூட இருக்கலாமா வேண்டாமான்னு நான் இன்னும் பேசல."

பத்துப் பேரும் அவளைப் பார்த்தோம், பிறகு தரையைப் பார்த்தோம். முதலில் நான்தான் உட்கார்ந்தேன்.